அக்காடியரின் ஏடுகள் எரிந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் வார இறுதிப் பக்கங்களில், கனடாவில் குடும்ப வரலாறு தேடுவோருக்காக ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்லெண்ணத்துடன் எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அக்காடியரைப் பற்றிய பகுதியில் இரண்டு செய்திகள் பிழை. (அக்காடியர் என்போர் இன்றைய நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் பக்கம் 17-ஆம் நூற்றாண்டில் குடியேறிய பிரெஞ்சுக்காரரின் வழிவந்தவர்கள்.) 1755-இல் ஆங்கிலேயர் அவர்களை நாடு கடத்தியபோது ஆவணங்கள் அத்தனையும் தீயில் போய்விட்டன, ஆகவே எச்சிலைக் கொடுத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனை ஒன்றே வழி என்கிறார் கட்டுரையாளர். கடத்தப்பட்டவர்கள் எல்லோரும் லூசியானாவுக்கு அனுப்பப்பட்டார்கள் என்றும் எழுதுகிறார். இதை மறுக்க நீ யார் என்று கேட்டால், என் பேரன் பாதி அக்காடியன். மற்றப் பாதி யாழ்ப்பாணத்து மானிப்பாய்.

என் மகன் மணம் முடித்தது நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் மெம்ராம்குக் பள்ளத்தாக்கைச் சேர்ந்த கோர்மியே குடும்பத்துப் பெண்ணை. பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் வம்சாவளி வரைந்து வரும்படி வீட்டுவேலை கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தை நான் விரைவில் முடித்துவிட்டேன். பூட்டனுக்கு அப்பால் எனக்கு ஒரு பெயரும் தெரியாது. தாய்வழியைத் தொட்டபோதுதான் வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. ஊரில் நான், காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் எழுதுவினைஞனாக இருந்தவன். காணி முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்று மூலத்தைப் பார்க்காமல் ஓர் உறுதியையும் எழுத விடாத பழக்கம் இந்த வயதிலும் போகவில்லை.

முதலில் தீ விஷயம். வீடுகளை எரித்தார்கள், களஞ்சியங்களை எரித்தார்கள், பல இடங்களில் தேவாலயங்களையும் எரித்தார்கள். திரும்பி வர ஓர் இடம் இருக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் பங்குப் பதிவேடு, அதாவது ஊர்த் தேவாலயத்தின் ஏடு, கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருள். அக்காடியாவின் தலைமை ஊராக இருந்த போர்ட் ரோயல் பங்கின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகள் 1702 முதல் 1755 வரை இன்றும் இருக்கின்றன. நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகம் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பெயர் போட்டுத் தேடும் வசதியுடன், இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கிரான் ப்ரே பங்கின் ஏடுகள் போன பயணம் இன்னும் நீண்டது. 1707 முதல் 1748 வரையான அந்த ஏடுகளை நாடு கடத்தப்பட்ட மக்களே தங்களுடன் கொண்டுபோனார்கள். அவை கடைசியில் லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றோரம் உள்ள செயின்ட் கேப்ரியல் தேவாலயத்தில் போய்ச் சேர்ந்தன. இப்போது பேட்டன் ரூஜ் மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கின்றன. மாட்டையும் ஆட்டையும் விளைந்த வயலையும் விட்டுக் கப்பலேறியவர்கள் பிறப்பு இறப்புக் கணக்கை விட்டுவிட்டு ஏறவில்லை. போபாசன் பங்கின் எஞ்சிய ஏடுகளோ அட்லாண்டிக்கைக் கடந்து, பெரும்பாலும் பிரான்சில் லா ரோஷெல் நகரில் உள்ள காப்பகத்தில் இருக்கின்றன.

ஆகவே அக்காடியக் குடும்பம் ஒன்றைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 1755-க்குப் பிறகு இவர்களைக் கப்பல் எங்கே கொண்டுபோய் இறக்கியது? அல்லது இவர்கள் கப்பலில் ஏறாமலே தப்பினார்களா? இது தெரிந்தால் எந்த ஊர்க் காப்பகத்தின் கதவைத் தட்டுவது என்பது தெரிந்துவிடும்.

1755-இல் ஒரு கப்பலும் லூசியானாவுக்குப் போகவில்லை. மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூயோர்க், பென்சில்வேனியா, மேரிலாந்து, வேர்ஜீனியா, கரோலினா, ஜோர்ஜியா என்று அன்றைய ஆங்கிலக் குடியேற்றங்களுக்குத்தான் பிரித்துப் பிரித்து அனுப்பினார்கள். வேர்ஜீனியா அவர்களை ஏற்க மறுத்து, மறு ஆண்டு இங்கிலாந்துக்குத் தள்ளிவிட்டது. அங்கே துறைமுக நகரங்களில் 1763 வரை கைதிகளாகக் கிடந்தார்கள். இன்று பிரின்ஸ் எட்வர்ட் தீவு எனப்படும் இடத்தில் இருந்தவர்களை 1758-இல் பிடித்து நேரே பிரான்சுக்கு ஏற்றினார்கள். அந்த டிசம்பரில் டியூக் வில்லியம், வயலட் என்ற இரண்டு கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கின, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். லூசியானாக் குடியேற்றம் 1760-களின் நடுப்பகுதியில், அலைந்து களைத்தவர்கள் தாங்களாகத் தேடிப்போனது. பெருந்தொகையாகப் போனது 1785-இல்: ஸ்பெயின் அரசு செலவை ஏற்க, ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் பிரான்சிலிருந்து புறப்பட்டார்கள். முப்பது ஆண்டுகளை ஒரே வரியில் சுருக்கினால் வாசகர் தப்பான ஊரில்தான் போய்த் தேடுவார்.

என்னைப் போன்ற பழைய எழுதுவினைஞனுக்கு இந்தத் தேடலில் கிடைத்த பெரிய விருந்து பெல் இல் தீவின் வாக்குமூலங்கள். இங்கிலாந்துச் சிறையிருப்பு முடிந்து பிரான்சுக்கு வந்தவர்களில் 78 குடும்பங்களை 1765-இல் பிரான்சின் பிரிட்டனி மாநிலக் கரையோரத்தில் இருக்கும் அந்தத் தீவில் குடியேற்றினார்கள். அவர்களிடம் பிறப்புப் பதிவும் இல்லை, திருமணப் பதிவும் இல்லை. 1767-இல் நீதிமன்ற ஆணை ஒன்றின்படி, குடும்பத் தலைவர்கள் ஒவ்வொருவராகக் குருவானவர் முன்னிலையில் வந்து, சாட்சிகள் கேட்க, தங்கள் வம்சத்தைச் சொன்னார்கள். எங்கள் வழக்கில் இதற்குப் பெயர் சத்தியக் கடதாசி. பாட்டன் பிரான்சிலிருந்து வந்தவர், போர்ட் ரோயலில் இன்னாரின் மகளை மணந்தார், அவர்களுக்குப் பிறந்தவர்கள் இன்னின்னார், அவர்களில் இன்னார் இப்போது பொஸ்டன் பக்கம், இன்னார் மேரிலாந்தில் என்று எழுத்துக்கூட அறியாத கிழவர்கள் நாலு தலைமுறையை மனத்திலிருந்து ஒப்புவித்திருக்கிறார்கள். போர்ட் ரோயல் ஏடுகளுடன் வைத்துப் பார்த்தால் ஆங்காங்கே ஆண்டுகள் பிசகும். யார் மகளை யார் கட்டினார் என்பது பெரும்பாலும் பிசகாது. மருமகளின் பாட்டி வழியில் வரும் லெப்லான் கிளையை அந்த வாக்குமூலங்களைக் கொண்டே நான் பொருத்தினேன்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் குடிக்கணக்குகள் இருக்கின்றன. அக்காடியாவின் முதல் கணக்கு 1671-இல் எடுக்கப்பட்டது. லோரான் மொலின் என்ற துறவி போர்ட் ரோயலிலும் சுற்றுப்புறத்திலும் வீடு வீடாக நடந்து எழுதினார். மொத்தமே 400 பேருக்குள்தான். தலைவன் பெயர், தொழில், வயது, மனைவியின் பெயர், பிள்ளைகள், மாடு, செம்மறி, பயிரிட்ட நிலம் என்று வரிசை போகிறது. மனைவியைப் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதியிருக்கிறார். பங்கு ஏடுகளிலும் அதே வழக்கம். அக்காடிய வம்சாவளி மற்றவர்களுடையதைவிட ஆழமாகப் போவதற்கு இது ஒன்றே பாதிக் காரணம். ஆங்கிலேயரின் ஏட்டில் பெண் கலியாணத்தோடு காணாமல் போய்விடுவாள்; இங்கே அவள் சாகும்வரை தகப்பன் வீட்டுப் பெயரோடு இருக்கிறாள்.

அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தவர்கள் பதில் சொல்ல மறுத்தவர்கள். பீப்பாய் செய்யும் பியேர் லானூ, வயதைக் கேட்டதற்குத் தான் சுகமாக இருப்பதாகவும் வயதைச் சொல்ல விருப்பமில்லை என்றும் சொல்லி அனுப்பினாராம். எத்தியேன் ரொபிஷோ துறவியைப் பார்க்கவே மறுத்து வீட்டை விட்டு வெளியேறி, மாட்டுக் கணக்கும் நிலக் கணக்கும் தரமாட்டேன் என்று மனைவி வாயால் சொல்லுவித்தார். தையல்காரர் பியேர் மெலான்சோனின் வீட்டில் மனைவியே வாசலுக்கு வந்து, இப்படியான காரியத்துக்குத் தெருத்தெருவாக ஓடித் திரிய உமக்கென்ன பைத்தியமா என்று கேட்டிருக்கிறார். பாவம் மொலின், அதையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார். வரி போட வருகிறான் என்று பயந்திருப்பார்கள் என்பது என் ஊகம். காணி அளக்க வந்தவர்களுக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் சொன்ன பதில்களை நான் கேட்டிருக்கிறேன். இதே மெலான்சோன்தான் பத்து ஆண்டு போலச் சென்று கிரான் ப்ரே என்ற பெரிய குடியேற்றத்தைத் தொடக்கி வைத்தவர். கணக்குக் கொடுக்காதவரின் வம்சம் இன்று கணக்கில் அடங்காது.

எங்கள் கோர்மியேக்கள் மறுக்கவில்லை. தோமா கோர்மியே, தச்சர், வயது 35; மனைவி மாதலேன் ஜிருவார், வயது 17; இரண்டு வயதில் ஒரு மகள்; மாடு 7, செம்மறி 7, நிலம் 6 அர்பான். அர்பான் என்பது ஏக்கரை விடச் சற்றுக் குறைவு. தச்சனுக்கு அது போதும் என்று நினைத்தேன்; பிறகுதான் அந்த நிலம் எப்படிக் கிடைத்தது என்று படித்தேன். பண்டி விரிகுடாவின் கடற்பெருக்கு உலகிலேயே உயரமானது. அந்தப் பெருக்கு வந்து போகும் உவர்ச் சேற்றுக்குக் குறுக்கே மண் அணை கட்டி, அணைக்கடியில் மரத்தால் ஒரு மதகு வைப்பார்கள். மதகுக்குள் தொங்கும் பலகைக் கதவு வற்றும்போது மழைநீரை வெளியே விடும். பெருகும்போது கடல் தள்ளித் தானாக மூடிக்கொள்ளும். அதன் பிறகும் உப்புக் கழுவப்பட இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். தச்சனுடைய கை இல்லாமல் அந்த ஊரில் ஒரு கதிர் விளைந்திருக்காது. தோமா சில காலத்தில் குடும்பத்தோடு போபாசனுக்குப் பெயர்ந்தார்; அங்கேயும் சதுப்பு நிலம்தான்.

தோமாவின் தகப்பனுக்கு உறுதியே இருக்கிறது. 1644-ஆம் ஆண்டு ஜனவரியில் லா ரோஷெலில் நொத்தாரிசு ஒருவர் எழுதிய ஒப்பந்தம்: ரொபேர் கோர்மியே என்ற கப்பல் தச்சர், மனைவி மரீ பெரோவுடனும் தோமா, ஜான் என்ற மகன்களுடனும், 'சின்ன சேன் பியேர்' என்ற பெயருடைய கப்பலில் ஏறி, கேப் பிரெட்டனில் இருந்த கோட்டையில் மூன்று ஆண்டுகள் கூலிக்கு வேலை செய்யச் சம்மதிக்கிறார். அந்த மூன்று ஆண்டு இன்னும் முடியவில்லை. 380 ஆண்டுக்கு முந்திய என் தொழில்காரன் ஒருவன் தன் கடமையை ஒழுங்காகச் செய்திருக்கிறான் என்று கண்டபோது, மகனைத் தொலைபேசியில் அழைத்து வாசித்துக் காட்டினேன். அவன் வேலையில் இருப்பதாகச் சொன்னான்.

இனிச் சம்பந்தி வீட்டுச் சுவருக்கு வருகிறேன். அங்கே கண்ணாடிச் சட்டம் போட்ட வம்ச மரம் ஒன்று தொங்குகிறது. பணம் கட்டினால் மரம் அச்சிட்டு அனுப்பும் நிறுவனம் ஒன்றிடம் வாங்கியது. உச்சியில் கிரீடமும் சிங்கமும் பொறித்த பிரபுக் குடும்பத்துச் சின்னம். கூலிக்கு வந்த தச்சருக்குச் சிங்கம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, சம்பந்தி அல்லவா? ஆனால் நடுக்கிளையில் ஒரு பிழை என் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. 1755-க்குப் பிறகு வரும் ஒரு தாய், தன் அடக்கப் பதிவுக்கு இரண்டு ஆண்டு கழித்து ஒரு மகனைப் பெற்றிருந்தார்.

நடந்தது என்னவென்றால், ஒரே காலத்தில் கணவன் பெயரும் மனைவி பெயரும் அப்படியே ஒத்த இரண்டு தம்பதிகள் இருந்திருக்கிறார்கள். வழங்கிய பெயர்கள் மிகச் சில. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பியேர், ஒரு ஜோசப், ஒரு மரீ. மரம் விற்றவர்கள் முதலில் கையில் அகப்பட்ட தம்பதியின் தலையில் மகனைக் கட்டிவிட்டார்கள். அதை நாலு பேர் தங்கள் மரத்தில் பிரதிசெய்ய, நாலு மரத்தில் இருப்பதால் உண்மை என்று ஐந்தாமவர் எடுத்துக்கொள்கிறார். பிரதியைப் பார்த்துப் பிரதி எடுத்தால் மூலம் ஆகிவிடுமா?

முடிச்சை அவிழ்த்தது குருவானவர் எழுதிய ஒரு வரி. அந்த மகனின் திருமணப் பதிவு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. பழுப்பு மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, இடம் போதாமல் கடைசிச் சொற்கள் ஓரத்தில் ஏறி நிற்கின்றன. மருமகள்தான் திரையைப் பெரிதாக்கி வாசித்துச் சொன்னாள். பெற்றோர் பெயர்களுக்குப் பிறகு, 'மூன்றுக்கு நான்காம் படி இரத்த உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது' என்று இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் அன்று நான்காம் படி வரை உறவினர் மணக்கக் கூடாது. மணந்தால் விலக்கு வாங்க வேண்டும். மூன்றாம் படி என்றால் பூட்டன் பூட்டி. நான்காம் படி என்றால் அவர்களுக்கும் மேலே ஒரு தலைமுறை. ஆகவே மாப்பிள்ளைக்குப் பூட்டனான ஒருவர் பெண்ணுக்கு அதற்கும் ஒரு படி மேலே நிற்க வேண்டும், அல்லது பெண்ணுக்குப் பூட்டனானவர் மாப்பிள்ளைக்கு மேலே நிற்க வேண்டும். பெண்ணின் வழி ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தது. இரண்டு தம்பதிகளையும் மாறி மாறி வைத்துப் பார்த்தோம். ஒன்றில் அந்தப் படி அமையவே இல்லை; மற்றதில் அச்சொட்டாகப் பொருந்தியது. உறவுக்குள் கலியாணம் செய்த குற்றத்துக்கு அனுமதி கேட்டு எழுதிய வரி, இருநூறு ஆண்டு கழித்து எங்களுக்குச் சாட்சியாக நின்றது. அக்காடியத் திருமணப் பதிவு ஒன்றைத் தேடி எடுப்பவர்கள் சுருக்கத்தோடு திருப்தி அடைந்துவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். சுருக்கம் எடுப்பவர்கள் பல இடங்களில் இந்த விலக்கு வரியை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு சாட்சி சம்பந்தியின் தாயார். கிராமத்தில் ஒரே பெயர் பலருக்கு இருந்ததால், அங்கே ஆளைத் தகப்பன், பாட்டன் பெயர்களைக் கோத்துத்தான் அடையாளம் சொல்வார்கள்: 'பியேர் ஆ ஜான் ஆ போல்', அதாவது போலின் மகன் ஜானின் மகன் பியேர். தலையெழுத்து ஒன்றோடு தகப்பன் பெயரை முடித்துக்கொள்ளும் நாங்கள் அவர்களிடம் படிக்க வேண்டும். அந்த அம்மையார் கண் மங்கியவர். ஆனால் ஐந்து பெயரை ஒரே மூச்சில் கோத்துச் சொன்னார். ஏட்டில் நாங்கள் பொருத்திய தம்பதியின் பெயரும் அந்தக் கோவையில் இருந்தது. சுவரில் இருந்த தம்பதி இல்லை.

எச்சில் பரிசோதனையை நான் பயனற்றது என்று சொல்லவில்லை. அது தீர்த்து வைத்த வழக்குகள் உண்டு. 1641-அளவில் பிறந்த ஜெர்மேன் தூசே என்பவரை, போர்ட் ரோயல் கோட்டையில் தளபதியாக இருந்த அதே பெயர்கொண்டவரின் மகன் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அவருடைய ஆண்வழிச் சந்ததியாரைப் பரிசோதித்தபோது வட அமெரிக்கப் பழங்குடியினரின் தந்தைவழி அடையாளம் வந்தது. தளபதியின் இரத்தமாக இருக்க வழியில்லை. எந்த ஏடும் சொல்லாத செய்தி இது. ஆனால் கேள்வி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதிப்பது வேறு, பணத்தைக் கட்டிவிட்டு வீதக் கணக்குக்குக் காத்திருப்பது வேறு. அக்காடியர் சில டசின் குடும்பங்களிலிருந்து பெருகி, தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணந்தவர்கள். பத்து வழியில் தூரத்து உறவாக இருக்கும் இருவரைப் பரிசோதனை கிட்டிய உறவு என்று காட்டும். மருமகளுக்கு வந்த பட்டியலில் மூன்றாம் நான்காம் தலைமுறைச் சகோதரர் என்று அடுக்கடுக்காக ஆயிரக்கணக்கானோர். அதைக் கொண்டு பேரன் என்ன வரைவான்?

உறவு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு எச்சில் தேவையில்லாத உதாரணம் ஒன்று. பேரனின் வகுப்பில் கலான்ட் என்ற குடும்பப் பெயரோடு ஒரு பையன் இருக்கிறான். பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்தவர்கள். ஹொக்கி மைதானத்தில் இருவருக்கும் ஆகாது. அந்தத் தீவில் 1720-இல் குடியேறிய மிஷேல் ஆஷே என்ற கலான்தான் அங்குள்ள கலான்ட்கள் எல்லோருக்கும் மூதாதை. 1737-இல் நீரில் மூழ்கி இறந்தவர். அவருடைய மனைவி ஆன் கோர்மியே, நம் தச்சர் தோமாவின் மகள். இதைச் சொன்னதும் பேரன், "அப்பப்பா, இதைப் பள்ளிக்கூடத்தில் எழுத வேண்டாம்" என்றான்.

சம்பந்தியோடு எனக்கு ஒரு சிறு மனஸ்தாபமும் வந்தது. தங்கள் மூதாதை ஒருவர் கோட்டைச் சிறையிலிருந்து பெண் உடுப்புப் போட்டுத் தப்பினார் என்று அவர்கள் வீட்டில் ஒரு கதை. உண்மையா என்று என்னைக் கேட்டார். உறுதி இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான் கையில் இருந்ததைச் சொன்னேன்: 1755 அக்டோபர் முதல் நாள் இரவு, போபாசன் அருகே லோரன்ஸ் கோட்டையில் அடைபட்டிருந்தவர்களில் 86 பேர் மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள், அது ஆங்கிலேயரே எழுதிவைத்த செய்தி. அந்தப் பகுதி ஆண்கள்தான் அங்கே அடைபட்டிருந்தார்கள். உங்கள் ஆள் அங்கே இருந்திருக்கலாம், உடுப்பு மாற்றியிருக்கலாம், ஏட்டில் இல்லை. மரத்தின் ஓரத்தில் 'வீட்டு வழக்கு' என்று குறித்துக்கொள்ளலாம் என்று சமாதானமானோம். வாய்மொழியை எறிந்துவிடக் கூடாது. உறுதியோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

தேடப்போகும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். மொங்க்டன் பல்கலைக்கழகத்தில் ஆன்செல்ம் ஷியாசோன் பெயரால் அக்காடிய ஆய்வு மையம் இருக்கிறது. (1755 ஜூனில் போசெஜூர் கோட்டையைப் பிடித்த ஆங்கிலத் தளபதியின் பெயர் மொங்க்டன். அக்காடியரின் பல்கலைக்கழகம் அந்தப் பெயரைச் சுமப்பது ஏன் என்று சம்பந்தியைக் கேட்டேன். அந்தப் பேச்சு இராச்சாப்பாடு வரை போனது.) ஸ்டீபன் வைட் தொகுத்து அந்த மையம் 1999-இல் வெளியிட்ட குடும்ப வம்சாவளி அகராதி, 1636 முதல் 1714 வரையான குடும்பங்களை இரண்டு தடித்த பாகங்களில், எந்த ஏட்டிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு தருகிறது. அதுவரை கீழிருந்து ஏறிப் பிடித்துவிட்டால் அப்பால் பெருந்தொல்லை இல்லை. ஏறும்போது தனிப் பெயரைத் தேடாதீர்கள். கணவன் மனைவி இருவரையும் சேர்த்துத் தேடுங்கள். எழுத்து மாறியிருக்கும், பிரின்ஸ் எட்வர்ட் தீவில் புவாரியே சிலர் பெரி ஆனார்கள், ஓக்குவேன் சிலர் வெட்ஜ் ஆனார்கள். 1755-க்கும் 1780-களுக்கும் இடையில் பள்ளம் இருக்கிறது: குருவானவர் இல்லாத காட்டில் பெரியவர்கள் முன்னிலையில் மணந்து, பல ஆண்டு கழித்துத் திருச்சபையில் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். 1768 முதல் 1773 வரை இன்றைய நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் கரையோரம் சுற்றிவந்த பாய்யி என்ற குருவானவரின் ஏட்டில் இப்படியானவர்களைப் பார்க்கலாம். 1763-இல் கோட்டைகளில் இருந்த கைதிகள் தங்கள் பெயரையும் குடும்பத் தொகையையும் எழுதிப் பிரெஞ்சுத் தூதருக்கு அனுப்பிய பட்டியல்களையும் விடாதீர்கள். மாசசூசெட்ஸுக்குப் போன குடும்பமாக இருந்தால், அவர்களுக்குக் கொடுத்த விறகுக்கும் மாவுக்கும் ஊர்ச்சபைகள் அரசிடம் காசு கேட்டு எழுதிய கணக்குகள் அந்த மாநிலக் காப்பகத்தில் இருக்கின்றன; பிள்ளைகளைப் பிடுங்கி வேலைக்கு விட்டதைக் கண்டித்து அக்காடியர் கொடுத்த மனுக்களும் அதே தொகுதிகளில் இருக்கின்றன. படிக்கும்போது கை நடுங்கும்.

தாங்கள் 'ஆவணங்கள் எல்லாம் எரிந்தன' என்ற வரிக்கும் லூசியானா பற்றிய வரிக்கும் திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதோடு சொந்தக் காரியம் ஒன்று. மருமகளின் தாய்வழியில் ஒரு கிளை மேரிலாந்தில் இறக்கப்பட்டது. 1763 ஜூலையில் அங்கே எடுத்த அக்காடியர் பட்டியலில், ஒக்ஸ்போர்ட் என்ற சிற்றூரின் கீழ், விதவை ஒருவரும் பிள்ளைகளும் வருகிறார்கள். அதன் பிறகு லூசியானாக் கப்பல்களிலும் இல்லை, திரும்பி வந்தவர்களிலும் இல்லை. பால்டிமோரில் தங்கிவிட்டார்களோ என்று நினைக்கிறேன். தங்கள் வாசகர் யாராவது அந்தப் பக்கம் இருந்து, பழைய கத்தோலிக்கப் பதிவேடுகளைப் பார்க்க வசதிப்பட்டால், பத்திரிகை முகவரிக்கு எழுதினால் எனக்கு வந்து சேரும். பெயர் விபரம் நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு எழுதுவினைஞன்,
மொங்க்டன், நியூ பிரன்சுவிக்.

(என் பெயரைப் போட வேண்டாம். சம்பந்தி தமிழ் படிக்க மாட்டார். வாசித்துச் சொல்ல என் மகன் இருக்கிறான். அந்தச் சிங்கம் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது.)